காசா, பேட்டரியா?

இந்திய அரசு 2019இல் வெளியிட்ட வரிசையில் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர். சிஆர் 2032 என்று பொறித்து வரும் லித்தியம் பட்டன் பேட்டரியின் விட்டமும் அதே 20 மில்லிமீட்டர்தான். இரண்டும் வெள்ளையாகப் பளபளக்கும், இரண்டும் தரையில் உருளும், இரண்டும் ஒன்றரை வயதுக் குழந்தையின் வாய்க்குள் சுலபமாகப் போகும். காசு உணவுக்குழாயில் ஓர் இரவு தங்கினாலும் பெரும்பாலும் கெடுதல் வராது. பேட்டரியோ இரண்டு மணி நேரத்துக்குள் அந்தக் குழாயின் சுவரை வேகவைத்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் இரண்டுக்கும் சொல்வது ஒரே வாக்கியம்: "புள்ள எதையோ முழுங்கிடுச்சு."

விழுங்கிய பொருள்களைப் பற்றி மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிவு சேர்த்து வைத்திருக்கிறது. எது தானாகப் போகும், எதை அன்றைக்கே எடுக்க வேண்டும், எதை அந்த மணிக்குள்ளேயே எடுக்க வேண்டும் என்ற கணக்கு தெளிவாகவே இருக்கிறது. அந்தக் கணக்குதான் வீட்டுக்குள் வந்து சேரவில்லை. வயிற்றிலிருந்து கத்தி எடுத்தார்கள், காசு மூட்டை எடுத்தார்கள் என்ற செய்திகள் வந்து சேர்ந்த அளவுக்கு இது வரவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருந்துகொண்டு இதை எழுதக் காரணம் உண்டு. நெசவாளர் வீட்டில் குடியிருப்பும் பட்டறையும் ஒன்றுதான். தறி கிடக்கும் கூடத்திலேயே குழந்தை தவழும். தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவரின் காலுக்கு மிதிப்பலகை, கைக்கு நாடா, கண்ணுக்குப் பாவு. பக்கத்தில் தார் சுற்றுகிறவருக்கும் அதே நிலை. புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வது என்று இப்போது பெண்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலைகள் பெருகிவிட்டன. மணியும் முத்தும் கல்லும் ஊசியும் பாயில் சிதறிக் கிடக்கும் வேலை அது. இதில் பெற்றோரின் அலட்சியம் என்று பேச எதுவுமில்லை. உழைப்பு நடக்கும் இடமும் குழந்தை வளரும் இடமும் ஒன்றாக இருப்பதால் வரும் ஆபத்து இது.

முதலில், விழுங்கிய பொருள் போகும் வழி. உணவுக்குழாய் பெரியவர்களுக்குச் சுமார் 25 செ.மீ. நீளம். மேலிருந்து கீழ்வரை அது ஒரே அகலமாக இருப்பதில்லை. குரல்வளைக்குப் பின்னால் அது தொடங்கும் இடமே முதல் இடுக்கு. மார்புக்குள் பெருந்தமனி வளைந்து போகும் இடத்திலும் இடது மூச்சுக்கிளை குறுக்கிடும் இடத்திலும் மறுபடி குறுகும். இரைப்பையின் வாசல் கடைசி இடுக்கு. குழந்தைகளின் உணவுக்குழாயில் சிக்கும் காசு பெரும்பாலும் முதல் இடுக்கிலேயே நின்றுவிடும். இரைப்பைக்குள் விழுந்துவிட்டால் பாதி வழி கடந்த மாதிரி. பிறகும் சில தடைகள் உண்டு. 2.5 செ.மீ. அகலத்தைத் தாண்டிய பொருள் இரைப்பையின் வெளிவாசலில் நிற்கலாம். 6 செ.மீ. நீளத்தைத் தாண்டியது முன்சிறுகுடலின் வளைவில் திரும்ப முடியாமல் நிற்கலாம். கூரானது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குத்தலாம்.

இவ்வளவு தடைகள் இருந்தும், விழுங்கப்படும் பொருள்களில் 80 முதல் 90 விழுக்காடு வரை தானாகவே மலத்தோடு வெளியேறிவிடுகின்றன. 10 முதல் 20 விழுக்காட்டை எண்டோஸ்கோப்பி வழியாக எடுக்க வேண்டியிருக்கும். வயிற்றைத் திறக்க வேண்டிய நிலை நூற்றில் ஒருவருக்கு வருவதே அதிகம். உலகெங்கும் மருத்துவ நூல்கள் ஏறத்தாழ ஒப்புக்கொண்ட விகிதம் இது. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளிடம்தான் இப்படி விழுங்குவது மிக அதிகம். அவர்கள் விழுங்குவதில் முதலிடம் காசுக்கு.

காசு விழுங்கிய குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் கதை பாதி முடிந்துவிடும். உணவுக்குழாயில் நிற்கும் காசு நேர்ப்படத்தில் முழு வட்டமாகத் தெரியும். மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் பெரும்பாலும் விளிம்பு மட்டும் கோடாகத் தெரியும். பக்கவாட்டுப் படமும் வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு காசு இருந்தால் நேர்ப்படம் ஒன்றைத்தான் காட்டும். பாட்டியின் சுருக்குப்பையிலும் சாமி உண்டியலிலும் இன்னும் கிடக்கும் பழைய அலுமினியப் பைசாக்கள் படத்தில் மங்கலாகத்தான் விழும் என்பதால், எந்தக் காசு என்று சொல்வதும் உதவி.

எச்சில் ஒழுகாமல், மூச்சு முட்டாமல் குழந்தை சாதாரணமாக இருந்தால், உணவுக்குழாயில் நிற்கும் காசுக்கு மருத்துவர் 24 மணி நேரம் வரை காத்திருக்கலாம். ஏறக்குறைய நான்கில் ஒன்று அதற்குள் தானே இரைப்பைக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் மயக்க மருந்து கொடுத்து எடுப்பார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் விறைப்பான குழாய் கொண்டு எடுப்பது பழைய, நம்பகமான முறை. சிறுநீர் வெளியேற்றப் பயன்படும் ஃபோலி குழாயைக் காசுக்குக் கீழே நுழைத்து, நுனியில் உள்ள பலூனை ஊதி, மேலே இழுத்து எடுக்கும் முறையும் பல மருத்துவமனைகளில் உண்டு. இரைப்பைக்குப் போன காசுக்குப் பெரும்பாலும் வைத்தியம் எதுவும் தேவையில்லை. சில நாள் முதல் சில வாரம் வரை மலத்தைக் கவனித்தால் போதும். நம் நாட்டின் இன்றைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் துருப்பிடிக்காத எஃகு. 1982க்குப் பிறகு வந்த அமெரிக்க ஒரு சென்ட் துத்தநாகத்தால் ஆனது, அது இரைப்பை அமிலத்தில் அரிபட்டுப் புண்ணாக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

உடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கலை எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1868இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்மால் என்ற மருத்துவர், உயிருள்ள மனிதரின் இரைப்பைக்குள் முதன்முதலாகக் குழாய் விட்டுப் பார்த்தார். அதற்கு உடன்பட்டவர் வாள் விழுங்கும் ஒரு வித்தைக்காரர். வாள் விழுங்கும் வித்தை ஐரோப்பாவில் புகழ்பெற்றதற்கு இந்தியக் கழைக்கூத்தாடிகளும் காரணம். 'ராமோ சாமி' என்று ஆங்கிலேயர் எழுதிய ராமசாமி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மேடைகளில் வாளை விழுங்கிக் காட்டியவர். அங்கேயே வாழ்ந்து 1850இல் இறந்தார். தொண்டையையும் உணவுக்குழாயையும் நேர்கோட்டில் நிறுத்தி, குமட்டலை அடக்கப் பழகிய அந்தக் கலைஞர்களின் உடல்தான் எண்டோஸ்கோப்பிக்கு வழிகாட்டியது. மருத்துவ வரலாற்று நூல்களில் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

அதற்கும் வெகுகாலம் முன்பே, தொண்டையில் எலும்பு சிக்கினால் என்ன செய்வது என்று சுசுருத சம்ஹிதை சொல்லியிருக்கிறது. மயிர்ச்சுருள் ஒன்றை நீண்ட, உறுதியான நூலில் கட்டித் திரவத்தோடு விழுங்கச் செய்து, பிறகு வாந்தி எடுக்கவைத்து, எலும்பு சுருளில் மாட்டியதும் நூலைப் பிடித்து இழுக்க வேண்டும். அரக்குத் துண்டு சிக்கினால் வேறு வழி. தொண்டைக்குள் ஒரு குழாயை வைத்து, அதன் வழியே காய்ச்சிய கம்பியைச் செலுத்தி, அரக்கு கம்பியில் ஒட்டியதும் குளிர்ந்த நீர் விட்டு இறுகச்செய்து எடுக்க வேண்டும். சுற்றியுள்ள தசையைக் காக்கக் குழாய், பொருளைப் பிடிக்கக் கருவி என்ற இன்றைய அடிப்படை அதிலேயே இருக்கிறது. இவற்றைச் செய்ய வேண்டியவர் பழகிய வைத்தியர் என்பதும் அந்த நூலின் எண்ணம்.

அந்த இடத்தில் நம் வீடுகளில் இருப்பது சோற்றுருண்டையும் வாழைப்பழமும். காஞ்சிபுரம் ஏரி மாவட்டம், ஏரி மீன் சாப்பிடும் ஊர்கள் நிறைய. கட்லா, ரோகு போன்ற கெண்டை இன மீன்களின் சதைக்குள் இரு கிளையாகப் பிரிந்த மெல்லிய முட்கள் உண்டு. முள் குத்தியதும் ஓர் உருண்டைச் சோற்றை மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள். சிறிய, மிருதுவான முள் சில சமயம் அதோடு போய்விடும். அந்தச் சில சமயங்களால்தான் இந்த வைத்தியம் தலைமுறைகளாக உயிரோடு இருக்கிறது. கெட்டியான முள்ளாக இருந்தால் சோறு அதை இன்னும் ஆழமாகத் தள்ளும், கிழிக்கும். மீன்முள் எல்லாம் சாதாரண எக்ஸ்ரேயில் தெரிவதும் இல்லை, சிடி ஸ்கேன் வரை போக வேண்டியிருக்கலாம். முள் போன பிறகும் கீறல் வலிக்கும் என்பது உண்மை. அடுத்த நாளும் குத்தல் தொடர்ந்தால், காய்ச்சல் வந்தால், கழுத்து வீங்கினால் அதைக் கீறல் என்று எண்ணி இருந்துவிடக் கூடாது.

காசு விழுங்கிய குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டுவதில் வேறொரு சங்கடம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். ஊட்டிய பழத்துக்காக மருத்துவர் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். தலைகீழாகப் பிடித்து முதுகில் அடிப்பது, விரலை விட்டுத் துழாவுவது, வாந்திக்குக் கொடுப்பது, இவை மூன்றும் உணவுக்குழாயில் அமைதியாக இருக்கும் பொருளை மூச்சுக்குழாய்க்கு மாற்றிவிடக்கூடியவை. குழந்தை மூச்சுவிட முடியாமல், அழக் குரல் வராமல், நீலம் பாய்ந்தால் அது வேறு நிலை. அப்போது ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு, மல்லாத்தி நெஞ்சில் ஐந்து அழுத்தம் என்று மாறிமாறிச் செய்ய வேண்டும். விழுங்குவதும் புரையேறுவதும் ஒன்றாகக் குழம்புவதால்தான் இங்கே பல தவறுகள் நடக்கின்றன.

பேட்டரிக்கு வருகிறேன். எல்லாப் பொருள்களிலும் மிகுந்த கவலைக்குரியது இதுதான். பட்டன் பேட்டரி ஈரமான உணவுக்குழாயில் இரு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு நின்றால் மின்சுற்று முழுமையாகிவிடும். எதிர்மின் முனையை ஒட்டிய திசுவில் ஹைட்ராக்சைடு உருவாகும். அது காரம், சுண்ணாம்பு நாக்கைப் பொத்துப்போக வைப்பதுபோலச் சதையைக் கரைக்கும். பேட்டரி உடைந்து உள்ளிருக்கும் ரசாயனம் கசிவதால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உடையாத புது பேட்டரியே அதிகம் கெடுக்கும். ரிமோட்டில் வேலை செய்யாமல் கழற்றிப் போட்ட 'செத்த' பேட்டரியிலும் திசுவை எரிக்கப் போதுமான மின்னழுத்தம் மிஞ்சியிருக்கும். 20 மி.மீ. அகலமுள்ள 3 வோல்ட் லித்தியம் வகை மிக மோசமானது, ஏனென்றால் அந்த அளவு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாக மாட்டிக்கொள்கிறது.

அறிகுறிகள் ஏமாற்றும். விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால், குழந்தை சாப்பிட மறுக்கும், எச்சில் ஒழுக்கும், இருமும், லேசாகக் காய்ச்சல் வரும். சளி என்று மருந்து வாங்கிக் கொடுத்து இரண்டு நாள் போய்விடும். எக்ஸ்ரேயில் காசு ஒற்றை வட்டம், பேட்டரி பெரும்பாலும் இரட்டை வட்டம். பக்கவாட்டுப் படத்தில் பேட்டரியின் விளிம்பில் ஒரு படி தெரியும். அவசரத்தில் பார்க்கிறவர் காசு என்று முடிவு செய்து 'நாளைக்கு வாருங்கள்' என்றால் அந்த நாளைக்குள் சுவர் ஓட்டையாகலாம். எடுத்த பிறகும் அரிப்பு உடனே நிற்பதில்லை. உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையே துளை விழுவது, பெருந்தமனி அரித்து உதிரம் கொட்டுவது போன்றவை பேட்டரியை எடுத்துச் சில நாள், சில வாரம் கழித்தும் நேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஒன்றரை வயதுக் குழந்தை இப்படி இறந்த பிறகு, அக்குழந்தையின் பெயரிலேயே 2022இல் ஒரு சட்டம் வந்தது. பட்டன் பேட்டரி உள்ள வீட்டுப் பொருள்களின் மூடியைக் குழந்தை திறக்க முடியாதபடி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம்.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பொருளையே முதலுதவியாக்கியது. அந்தப் பொருள் தேன். பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, குழந்தை ஒரு வயதைத் தாண்டியிருந்து, விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி, ஆறு முறை வரை கொடுக்கலாம். தேன் பேட்டரிக்கும் திசுவுக்கும் நடுவே படிந்து, காரத்தின் வேகத்தைத் தணிக்கிறது. தேன் வாங்கக் கடைக்கு ஓடக் கூடாது, அதற்காகப் பயணத்தைத் தாமதிக்கவும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, பாட்யூலிசம் என்ற நச்சுநோய் வரலாம். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவிச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள நம் வீடுகளில் இதை இரண்டு முறை சொன்னாலும் தகும்.

காந்தம் அடுத்தது. ஒரே ஒரு காந்தம் என்றால் பெரிய கவலை இல்லை. பலம் மிகுந்த நியோடிமியம் காந்த உருண்டைகள் இரண்டு, வெவ்வேறு நேரத்தில் உள்ளே போனால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் நசுங்கும் குடல் சுவர் அழுகித் துளையாகும். ஆகவே குழந்தை எத்தனை விழுங்கியது என்று தெரியாவிட்டால் ஒன்றுக்கு மேல் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊக்கும் ஊசியும் நெசவுத் தெருவுக்கு மிக நெருக்கமானவை. புடவை கட்டும்போது ஊக்கை உதட்டில் கவ்விக்கொள்ளாத பெண் நம்மிடையே அபூர்வம். தாலிச் சரட்டில் நான்கு ஊக்கு தொங்கவிட்டு, அதையே இடுப்புக் குழந்தை சப்புவதும் அன்றாடம். மூடிய ஊக்கு இரைப்பைக்குப் போனால் பெரும்பாலும் தானே போய்விடும். திறந்த ஊக்கு அப்படியல்ல. பிலடெல்பியாவில் வாழ்ந்த செவாலியர் ஜாக்சன் (1865–1958) என்ற தொண்டை மருத்துவர் இதற்காகவே வாழ்ந்தவர். நோயாளிகளின் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,374 பொருள்களை அவர் பாதுகாத்து வைத்தார். அவை இன்றும் அந்நகரின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் வரிசையாக உள்ளன. கூர்முனை முன்னால் போனால் குத்தும், பின்னால் வந்தால் குத்தாது என்பது அவர் கண்ட முக்கிய உண்மை. மேல்நோக்கித் திறந்த ஊக்கை அப்படியே இழுத்தால் கிழிக்கும் என்பதால், அதை முதலில் இரைப்பைக்குள் தள்ளி, அங்கே திருப்பி, கூர்முனை பின்னால் வரும்படி இழுக்கும் முறையை வகுத்தார். எண்டோஸ்கோப்பி நுனியில் ரப்பர் உறை மாட்டிக் கூர்முனையை அதற்குள் மறைத்து எடுக்கும் இன்றைய முறைக்கும் அந்த யோசனையே அடிப்படை. ஜாக்சனிடம் நான் அதிகம் மதிப்பது வேறொன்று. எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. அரிக்கும் கார ரசாயனப் பொடி டப்பாக்களில் விஷ எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடி, 1927இல் அமெரிக்காவில் அதற்குச் சட்டம் வரக் காரணமானார்.

பெரியவர்களுக்குச் சிக்குவது எலும்பு, முள், தளர்ந்த பல்செட். சரியாக மெல்லாத ஆட்டிறைச்சித் துண்டு நெஞ்சில் நின்றால் அவசரத்துக்கு எடுத்துவிடலாம், ஆனால் அது ஏன் நின்றது என்ற கேள்வியை விடக் கூடாது. உணவுக்குழாய் சுருங்கியிருக்கலாம், உள்ளே கட்டி இருக்கலாம். காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3 அன்று நம்மிடமிருந்து பறித்ததும் உணவுக்குழாயைத் தாக்கிய புற்றுநோய்தான். காரப்பேட்டையில் அவர் பெயரில் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனை இவ்வூர்க்காரர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. திரும்பத் திரும்பச் சாப்பாடு நெஞ்சில் அடைப்பவர்கள் தண்ணீர் குடித்துச் சமாளிப்பதை விட்டுவிட்டு உள்ளே பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, நாளிதழ்கள் விரும்பும் பகுதி. 2016இல் அமிர்தசரசில் ஒருவர் வயிற்றிலிருந்து 40 கத்திகள். 2017இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் 263 நாணயங்களோடு ஆணிகளும் பிளேடுகளும். 2019இல் இமாசலத்தின் மண்டியில் எட்டு ஸ்பூன்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், டூத் பிரஷ்கள். 2022இல் கர்நாடகத்தின் பாகல்கோட்டில் 187 நாணயங்கள். தட்டில் பரப்பிய பொருள்களின் படமும் அறுவை செய்த குழுவின் படமும் வெளிவரும். விழுங்கியவரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். ஆனால் இவ்வகையில் பெரும்பாலானோர் மனநோயால் துன்பப்படுகிறவர்கள். வயிற்றைத் தைத்து அனுப்பிவிட்டு மனத்தைக் கவனிக்காவிட்டால் அவர்கள் மறுபடி விழுங்குவார்கள். இது நன்கு தெரிந்த மருத்துவ உண்மை. 2020 ஜனவரியில் கோவையில் 13 வயதுச் சிறுமியின் இரைப்பையிலிருந்து அரைக் கிலோ முடியும் காலி ஷாம்பு பாக்கெட்டுகளும் எடுக்கப்பட்டன. முடி செரிக்காது, இரைப்பையிலேயே பந்தாகத் திரளும். அந்தப் பந்தின் வால் சிறுகுடல் வரை நீளும் நிலையை மருத்துவ இதழ்கள் 1968 முதல் தனி நோயாகவே பதிந்து வருகின்றன. தலையில் திட்டுத்திட்டாக முடி குறையும் பெண்ணைக் கண்டால் எண்ணெயை மாற்றுவதற்கு முன், அவளுக்கு என்ன துயரம் என்று கேட்க வேண்டும்.

மண், சாம்பல், சாக்பீஸ், பச்சரிசி தின்னும் பழக்கமும் இந்த வரிசையில் சேரும். கர்ப்பிணி மண் தின்பதை மசக்கை என்று சிரித்து விட்டுவிடுகிறோம். இரும்புச்சத்துக் குறைவோடு அதற்குத் தொடர்பு உண்டு. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். இந்நிலையில் அது சிரிக்கும் விஷயமாக இல்லை.

இந்த முழுப் பரப்பையும் பார்த்தால், நம் ஊருக்கு வேண்டியது புதுக் கருவியைவிடச் சரியான தகவல் என்றே நான் முடிவு கட்டுகிறேன். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அதன் தரவிதிகள் சிறு பாகங்களையும் கணக்கில் எடுக்கின்றன. ஆனால் வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் விற்கும் மினுக்கும் மோதிரமும், கார்த்திகைக்கு வாங்கும் பேட்டரி அகல்விளக்கும், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையும், காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரும் பட்டன் பேட்டரியில் ஓடுபவை. இவற்றுக்கும் திருகாணி போட்ட மூடி வேண்டும். காந்தி ரோட்டிலும் ராஜாஜி மார்க்கெட் பக்கத்திலும் கடை வைத்திருப்பவர்கள், சட்டம் வரும்வரை காத்திராமல், திருகாணி இல்லாத சரக்கை வாங்காமல் இருக்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கூலி கொடுக்கும் நாளில் ஒரு துண்டறிக்கை கொடுக்கலாம். அங்கன்வாடியில் தடுப்பூசிக்கு வரும் தாய்மாரிடம் செவிலியர் இரண்டு நிமிடம் இதைச் சொல்லலாம். கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் டேப் ஒட்டி உயரத்தில் வைக்கலாம். குஞ்சம் கட்டும் மணிகளை மூடியுள்ள டப்பாவில் வைத்து, வேலை முடிந்ததும் பாயை உதறிச் சுருட்டலாம்.

குழந்தை ஏதோ விழுங்கிவிட்டது என்று தெரிந்த உடனே ரிமோட், மின்னணுத் தராசு, பொம்மை எதிலாவது மூடி திறந்து கிடக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும், இன்னொருவர் புறப்படட்டும். அதே மாதிரிப் பொருள் இன்னொன்று கிடைத்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சோறும் பழமும் கொடுக்காதீர்கள். என்ன மணிக்கு விழுங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை நினைவில் வையுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து எதையும் மறைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் சீட்டு எழுதும் இடத்திலேயே, வரிசையில் நிற்பதற்கு முன்னால், "பேட்டரியா இருக்கலாம்" என்று உரக்கச் சொல்லுங்கள்.